இடது இறக்கை மூடி

ஜனவரி 16

காலை 7 மணிக்கு ஏணியில் நின்று, பயிற்சி விமானத்தின் இடது இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டிக்குள் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தாள். அங்கே மாலை ஐந்தரை. "சாப்பிட்டியாடி?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். பேசி முடித்ததும் குச்சியைத் துடைத்து வைத்துவிட்டு ஏணியை வலப்பக்கம் நகர்த்தினேன். இடது மூடியைத் துளையின்மேல் வைத்தது நினைவிருக்கிறது. திருகியது நினைவில் இல்லை.

40 நிமிடம் பறந்து இறங்கியபின், இறக்கையின் பின்விளிம்பு வரை எரிபொருளின் நீலக் கறை ஓடியிருப்பதைப் பயிற்றுநர்தான் முதலில் கண்டார். புறப்படும்போது ஏறத்தாழச் சமமாக இருந்த தொட்டிகளில், இப்போது வலப்பக்கம் 10 கேலன், இடப்பக்கம் 6. பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. விமானத்தைத் தூக்கி நிறுத்தும் அதே குறைந்த அழுத்தம், திறந்த துளை கிடைத்தால் எரிபொருளையும் உறிஞ்சி வெளியே வீசிவிடுகிறது. இறக்கை தலைக்குமேல் இருப்பதால் இருக்கையிலிருந்து மூடியைப் பார்க்கவும் முடியாது. பயிற்றுநர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜனவரி 17

மூடுபனி. பறக்கவில்லை.

ஜனவரி 19

இன்றும் மூடுபனி. ஃபுளோரிடாவில் வெயில்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

நாள் முழுவதும் போயிங் 299-ஐப் பற்றிப் படித்தேன். 1935 அக்டோபர் 30 அன்று, ஒஹையோவின் ரைட் ஃபீல்டில், நிறுத்திவைத்திருக்கும்போது காற்றில் அலையாமலிருக்கச் சுக்கான்களுக்குப் போட்ட பூட்டை விடுவிக்காமலே அந்த நான்கு எஞ்சின் விமானம் மேலெழுந்து, செங்குத்தாக ஏறி, விழுந்து எரிந்தது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், அனுபவம் மிக்க இராணுவச் சோதனை விமானி. செக்லிஸ்ட் என்னும் பழக்கம் அதன்பிறகுதான் வேர்பிடித்தது.

எங்கள் செஸ்னா 152-இல் அந்தப் பூட்டு, ஸ்டியரிங் தண்டில் செருகும் ஒரு கம்பி. அதில் சிவப்புத் தகடு ஒன்று கண்ணை உறுத்தும்படி தொங்கும். கம்பி தொலைந்துபோனால் சிலர் ஆணியைச் செருகி வைக்கிறார்கள். ஆணிக்குச் சிவப்புத் தகடு கிடையாது. பூட்டை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. கட்டைவிரல்களை நிமிர்த்தியபடி ஸ்டியரிங்கைத் திருப்பினால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஏலெரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும். அசைகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். சரியான திசையில் அசைகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பழுதுபார்த்து வந்த விமானத்தில் ஏலெரானை இழுக்கும் வடங்கள் இடம் மாறிக் கிடந்ததை அறியாமல் ஏறியவர்கள் உண்டு.

ஜனவரி 22

இருக்கையை இன்று 10 முறையாவது முன்னும் பின்னும் உலுக்கியிருப்பேன். தண்டவாளத்தின் துளையில் பூட்டுமுள் முழுதாக இறங்காவிட்டால், மேலெழும் நொடியில் இருக்கை பின்னால் சறுக்கும். சறுக்குகிறவர் கையில் இருப்பதைப் பற்றி இழுப்பார். கையில் இருப்பது ஸ்டியரிங். இந்தத் தண்டவாளங்களைச் சோதித்தே தீர வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-இலேயே ஆணையிட்டிருக்கிறது.

அம்மா இரண்டு முறை அழைத்திருக்கிறாள்.

ஜனவரி 23

16-ஆம் தேதிக்கு முந்தைய நாட்களில் மட்டும் திருகியிருந்தேனா?

ஜனவரி 26

தெளிந்த வானம், ஈரக்காற்று, வெளியே 18 டிகிரி. 2,300-இல் இருந்த ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) எந்தச் சத்தமும் இல்லாமல் 2,150-க்கு இறங்கியிருந்தது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரெட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரிவதாலும் எரிபொருள் ஆவியாவதாலும் உள்ளே குளிர் உறைநிலைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இந்த இதமான வானிலையிலும் பனிக்கட்டி படிகிறது. அதற்குள் சூடான காற்றை விடும் கார்புரெட்டர் ஹீட் குமிழை முழுதாக இழுத்தேன். ஆர்.பி.எம். இன்னும் இறங்கியது, எஞ்சின் இருமியது. உருகிய நீரை எஞ்சின் விழுங்கும் அந்தச் சில நொடிகளில் பயந்து குமிழை மீண்டும் உள்ளே தள்ளிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. நான் தள்ளவில்லை. முள் மெல்ல ஏறியது. அதன்பின் பத்து நாட்களில் முதல்முறையாக நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 30

வேகமானிக்காக எதிர்க்காற்றை வாங்கும் பிட்டாட் குழாயின் உறையைக் கழற்றி, குழாயின் வாயைக் குனிந்து பார்த்தேன். ஒரு மண்குளவி அருகில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட பிர்கன்ஏர் போயிங் 757, குழாய் அடைபட்டு, வேகமானி பொய் சொன்னதால் கடலில் விழுந்தது. 189 பேர். அடைத்தது குளவிக் கூடாக இருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் ஊகம். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது முள் எழுகிறதா என்று பார்ப்பதை இதுவரை ஒரு சடங்காகவே செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 1

நாளை தேர்வு. பறப்பதற்கு முன் விமானத்தைச் சோதிக்கும்போது நடுவில் யாராவது குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, கதவருகே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார் பயிற்றுநர். விட்ட இடம் எது என்பதைத்தானே மறந்திருப்போம். விமானத்தளத்தில் இருக்கும்போது தொலைபேசியை அணைத்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. "அப்படியென்ன தலைபோற வேலை?" என்றாள்.

பிப்ரவரி 2

மூடுபனி. தேர்வு தள்ளிப்போயிற்று. பறப்பதற்கில்லை என்று தெரிந்தும் போய், ஏணி வைத்து ஏறி, இரண்டு மூடிகளையும் கழற்றித் திருகிப் பார்த்தேன். இடது மூடியின் ரப்பர் வளையத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது. மெக்கானிக்கிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.