மலையில்லாத ஊரில் ஒரு மலை

சித்திர மாஸ்டர் காலமான செய்தி தொலைபேசியில் வந்த அதே கிழமையில், மலருக்குக் கட்டுரை கேட்டுப் பழைய மாணவர் சங்கச் செயலாளரின் கடிதமும் வந்தது. இரண்டுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் குடியேறிய அமெரிக்காவில், உயர்பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று 1982 முதல் காங்கிரஸ் சித்திரப் போட்டி நடைபெற்று வருகிறது. தொகுதி தோறும் தெரிவாகும் சித்திரம், வாஷிங்டனில் காங்கிரஸ் மாளிகைக்குச் செல்லும் நிலத்தடி நடைவழியில் ஓராண்டு தொங்கும். சட்டத்தோடு சேர்த்து அகலமும் உயரமும் 26 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பிறர் எடுத்த படத்தைப் பார்த்து வரையக் கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. இம்முறை என் பேத்தி, கராஜ் கதவில் சாய்த்து வைத்திருந்த பனி அள்ளும் சவளை வரைந்து அனுப்பினாள். "இதையும் ஆராவது கீறுவினமோ?" என்று மனைவி கேட்டாள். எனக்கு 1968 ஞாபகத்துக்கு வந்தது.

அவ்வாண்டு அரசாங்கம் நடத்திய பாடசாலைச் சித்திரப் போட்டியின் வட்டாரச் சுற்றுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஐவர் போனோம். தலைப்பு மண்டபத்தில்தான் சொல்லப்பட்டது: ‘எனது கிராமம்’. டிமைத் தாளைக் கண்டதும் கை தானாகவே ஓடியது. இரண்டு மலைகள், நடுவே பாதிச் சூரியன், அடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஓர் ஓட்டு வீடு, வானத்தில் ஐந்தாறு பறவைகள். பேஸ்டலை விரலால் தேய்த்து அந்த வானத்துக்கு நான் ஏற்றிய செம்மையை நினைத்தால் இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

கொழும்பிலிருந்து வந்திருந்த நடுவர் அதை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். பரிசுதான் என்று எண்ணி நான் எழுந்தே நின்றுவிட்டேன். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "அங்கே மலை எந்தப் பக்கம் இருக்கிறது?" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். இதையெல்லாம் புவியியல் விடைத்தாளில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். அன்றிலிருந்து என் பெயர் ‘மலை’ ஆயிற்று. உங்களில் சிலர் இன்னமும் அப்படித்தான் அழைக்கிறீர்கள்.

மாஸ்டர் அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வின்சர் சித்திரக் கழகத்தின் வழிவந்தவர்களிடம் தூரிகை பிடிக்கக் கற்றவர் அவர். சனிக்கிழமை காலையில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கே வந்து, எங்கள் வேலிக்கு முன்னால் இருத்தி, "கீறு" என்றார்.

"இதிலை என்ன சேர் இருக்கு?"

"பாத்திட்டுச் சொல்லு."

தென்னோலைக் கிடுகின் பின்னல், வேலிக்கு ஊன்றிய கதியாலில் துளிர்த்திருந்த கிளுவை, குறுக்கே வைத்துக் கட்டிய வரிச்சை இறுக்கிய கயிற்று முடிச்சு, நாய் போய்வரும் ஓட்டையான பொட்டு என ஒவ்வொன்றாகத் தெரிய ஒரு மணித்தியாலம் பிடித்தது. கிடுகுக்கென்று நான் எடுத்த மண்ணிறப் பேஸ்டலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சாம்பலையும் ஊதாவையும் தந்தார். பழைய கிடுகுக்கு வெயிலில் அந்த நிறங்கள்தாம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். இப்படி நான்கு சனிக்கிழமைகள். அடுத்த ஆண்டு வட்டாரத்தில் எனக்கு மூன்றாமிடம் கிடைத்தது.

உயர்தரத்தில் சித்திரம் எடுக்கச் சொன்னார். வீட்டில் கணக்கியல் என்றார்கள்; நானும் பெரிதாக மறுக்கவில்லை. 1984 இல் புறப்பட்டபோது அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பயணம் அவசரமானது என்பது பாதி உண்மைதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ‘இப்பவும் கீறுகிறாயா?’ என்று ஒரேயொரு கடிதம் எழுதியிருந்தார். பதிலுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினேன். கேள்விக்கு மறுமொழி எழுதவில்லை.

செய்தி வந்த இரவு, பேத்தியின் பேஸ்டலை எடுத்து அந்த வேலியைக் கீறிப் பார்த்தேன். கதியால்கள் வந்தன, பொட்டும் வந்தது. வரிச்சு ஒழுங்கைப் பக்கமா வளவுப் பக்கமா என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. ஊரில் விடிந்திருக்கும் என்று தங்கச்சிக்கு அழைத்துக் கேட்டேன்.

"வேலி எங்கையண்ணை, இப்ப மதிலெல்லோ" என்றாள். அந்த மதிலுக்குக் காசு அனுப்பியது நான்தான்.