பெனாகில் குகைக்குப் படகு ஏறும் முன்

போர்ச்சுகலின் அல்கார்வே கரையில் டால்பினும் குகையும் சேர்த்துக் காட்டும் ரப்பர் படகுகள் அல்புஃபெய்ராவிலிருந்து கிளம்புகின்றன. சுற்றி வர இரண்டு, இரண்டரை மணி நேரம். காலைப் படகையே பிடியுங்கள். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் காற்று ஏறி, படகு தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களுக்குப் பின்வரிசைதான் சரி. குமட்டல் மாத்திரையை அரைமணி முன்பே போடுங்கள்; தலை சுற்றத் தொடங்கியபின் போட்டுப் பெரிய பலன் இல்லை.

டால்பினுக்கு 30 மீட்டருக்குள் படகு நெருங்கக்கூடாது, 30 நிமிடத்துக்கு மேல் கூடவே போகவும் கூடாது. அங்கே அது சட்டம். 'இன்னும் கிட்டப் போங்க' என்று ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள்.

பெனாகில் சுண்ணாம்புப் பாறைக் குகை. கூரையில் வட்ட ஓட்டை. வெயில் உச்சிக்கு வரும்போது ஒளி நேராக மணலில் விழும். 2024 முதல் உள்ளே மணலில் இறங்கத் தடை. அலை பெரிதாக இருந்தால் படகு வாயிலோடு திரும்பிவிடும்.