பேர்சொல்லி அழைத்தவர்

வேலை போன மூன்றாவது வாரம், ஒரு படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. 14 வருடம் யோசிக்காமல் நிரப்பிய கட்டம். மை ஊறி ஒரு நீலப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. சரி, வேலை இல்லையென்றால் நான் யார்?

அன்றிரவு வேதாகமத்தில் ஏசாயா புத்தகத்தின் 43-ம் அதிகாரத்தைத் திறந்தேன். "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." நாட்டையும் ஆலயத்தையும் இழந்து பாபிலோன் சிறையிருப்பில் இருந்த இஸ்ரவேல் ஜனத்துக்கான வார்த்தை இது. கையில் ஒன்றுமில்லாதவர்களிடம்தான் தேவன் இப்படிச் சொல்கிறார்! சிறுவயதிலிருந்தே தெரிந்த வசனம்தான். அன்றுதான் முழங்காலில் நின்று அழுதேன்.

அப்புறம் வேலை கிடைக்க 7 மாதம் ஆனது. தினமும் காலையில் அந்த வசனத்தை என் பெயரைச் சேர்த்துச் சத்தமாக வாசித்தேன். இன்றும் வாசிக்கிறேன்.