காற்று வந்து பிடிக்கும் வரை: ஏ லைசென்ஸ் தேர்வும் என் முதல் ஹெலிகாப்டர் குதிப்பும்

"பைலட் சூட் கைப்பிடி கையில் சிக்கவில்லை. என்ன செய்வாய்?"

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங்குக்கான லைசென்ஸ் தேர்வு. அதன் வாய்மொழிப் பகுதியில் பயிற்சியாளர் கேட்ட மூன்றாவது கேள்வி இது. பைலட் சூட் என்பது பெரிய குடையை, அதாவது பாராசூட்டை, வெளியே இழுத்துத் திறக்கும் சின்னக் குடை. விடை எனக்குத் தெரியும். அதிகபட்சம் இன்னும் இரண்டு முறை முயல வேண்டும், கிடைக்காவிட்டால் ரிசர்வை, அதாவது ஆபத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது குடையை, இழுத்துவிட வேண்டும். இதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகக் கோத்துச் சொல்வதற்குள் நான்கு நொடி ஓடிவிட்டது. அவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை என் பக்கம் திருப்பினார். "விடை சரி. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் 700 அடி இறங்கிவிட்டாய்."

வயிறு தரையைப் பார்த்தபடி விழும்போது வேகம் மணிக்குச் சுமார் 120 மைல். நொடிக்கு 176 அடி. நான்கால் பெருக்கினால் 700 அடி வந்துவிடும். பத்தாம் வகுப்பிலிருந்து எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். யோசிக்கும் நேரத்தையும் அடியில் அளந்து காட்டிய தேர்வு இது ஒன்றுதான். அன்று இரவே பெங்களூரு முருகேஷ்பாளையாவில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டு, "நான் படிச்ச முறையே தப்புப்பா" என்றேன். அதை எப்படி மாற்றிக்கொண்டேன், மாற்றியது பின்னாளில் ஹெலிகாப்டர் வாசலில் எப்படிக் கைகொடுத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் சிலர் இப்போது இதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும்.

முதலில் தேர்வு. அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. கொடுக்கும் ஏ லைசென்ஸ்தான் இந்தத் துறையில் முதல் படி. மொத்தம் 25 குதிப்பு வேண்டும். அதில் குறைந்தது ஐந்து குதிப்பாவது இன்னொருவரோடு சேர்ந்து விழுந்ததாக இருக்க வேண்டும். யார் உதவியும் இல்லாமல், குறித்த புள்ளியிலிருந்து 20 மீட்டருக்குள் ஐந்து முறை இறங்கிக் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் 40 கேள்வி, 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. அதற்குமேல் வாய்மொழித் தேர்வும் ஒரு சோதனைக் குதிப்பும் உண்டு. நான் ஸ்பெயினில் பயிற்சி எடுத்தேன். படித்ததெல்லாம் பெங்களூருவில், அலுவலகம் முடிந்து வந்து, எங்கள் வீட்டு மொட்டை மாடியில்.

எழுத்துத் தேர்வைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கையேட்டை இரண்டு முறை ஒழுங்காகப் படித்தவர்கள் தேறிவிடுவார்கள். உயரங்களை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏ லைசென்ஸ்காரர் 3,000 அடிக்குக் கீழே போகுமுன் குடையைத் திறந்திருக்க வேண்டும். திறந்த குடை சரியில்லை என்றால், அதை வெட்டிவிடுவதா (கழற்றி விடுவதா) வைத்துக்கொள்வதா என்ற முடிவை 2,500 அடிக்குள் எடுத்திருக்க வேண்டும். வரிசையும் மாறக்கூடாது: இழு, சரியான உயரத்தில் இழு, நிலையாக இருந்து இழு. புரண்டுகொண்டிருந்தாலும் உயரம் வந்துவிட்டால் இழுத்துவிட வேண்டும் என்பது இதன் பொருள். பலர் நிலையாவதற்காகக் காத்திருந்து உயரத்தை விட்டுவிடுகிறார்கள்.

உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர் பற்றிய ஒரு கேள்வி எனக்கு மனப்பாடத்தால் புரியவில்லை, நம் ஊரை வைத்துத்தான் புரிந்தது. நான் பயிற்சி எடுத்த இடம் கடற்கரையை ஒட்டியது. பெங்களூருவோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய 3,000 அடியில் இருக்கிறது. கடற்கரையில் பூஜ்யமாக வைத்த ஆல்டிமீட்டரை அப்படியே கட்டிக்கொண்டு பெங்களூருவின் மேல் குதித்தால், அது 3,000 என்று காட்டும்போது நான் தரையில் இருப்பேன். குடையைத் திறந்திருக்க வேண்டிய அதே 3,000. இதை மாடியில் உட்கார்ந்து நோட்டில் போட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டது. அன்றிலிருந்து, எந்த ஊரில் ஏறினாலும் தரையில் நின்று முள்ளைப் பூஜ்யத்தில் பார்க்காமல் நான் வரிசையில் நிற்பதில்லை.

படிக்கும் முறைக்கு வருகிறேன். தேர்வு ஆங்கிலத்தில், வானொலிக் கட்டளையும் ஆங்கிலத்தில். அதனால் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே படித்தேன். அதுதான் தவறு. காரணத்தைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், கட்டளையை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டு குடையும் சேர்ந்து திறந்து, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகித் தரையை நோக்கி இழுத்தால் மெயினை (முதல் குடையை) வெட்டு, ஏனென்றால் அப்போது இரண்டுமே உன்னைத் தாங்கவில்லை" என்று நோட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு அந்த விடை மறக்கவே இல்லை.

அடுத்தது வேகம். அப்பா விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் ஹெலிகாப்டர் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பியதும் அவர் கையில் கேள்வித் தாளையும் போனில் ஸ்டாப்வாட்ச்சையும் கொடுத்தேன். நான் வெங்காயம் உரிக்கும்போது கேட்பார், துணி காயப்போடும்போது கேட்பார். விடையை வாயால் சொல்லக் கூடாது, கையால் செய்துகாட்ட வேண்டும். கை இரண்டு நொடிக்குள் சரியான இடத்துக்குப் போகவில்லை என்றால், "உனக்கு 350 அடி போச்சு பாப்பா" என்பார். தேறியிருந்தும் ஒன்றரை மாதம் இதை விடாமல் செய்தோம். தேர்வுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

லைசென்ஸ் வந்து, 60 குதிப்பு முடிந்த பிறகு ஹெலிகாப்டர் ஆசை வந்தது. சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன், தூன் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் நடுவில் இருக்கிற ஊர். அங்கே ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கிறார்கள். ஸ்பெயினுக்கு எடுக்கும் அதே ஷெங்கன் விசாவில் போய்வரலாம்.

அப்பாவிடம் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "எந்தப் பக்கம் இறங்குவ? எத்தன பேரு?" நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுத் துணிக்கொடிக் கழியை எடுத்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வாளியை மாட்டித் தோளில் வைத்தார். "காவடி எடுக்கறவன் ஒரு பக்கத்துச் சொம்ப மட்டும் திடீர்னு இறக்கினா இன்னா ஆகும்?" ஒரு வாளியைக் கழற்றினார், கழி சட்டென்று சாய்ந்தது. "பெரிய விமானத்துல ஒருத்தர் எறங்கினா அதுக்கு தெரியவே தெரியாது. சின்ன ஹெலிகாப்டருக்கு உன் எடை பெருசு. பைலட் சொன்ன வரிசைய மீறாத. எகிறிக் குதிக்காத. படியில எடைய மெதுவா வை, மெதுவா எடு."

1992இல் எச்.ஏ.எல்.லின் துருவ் ஹெலிகாப்டர் முதன்முதலாகப் பறந்த நாளைப் பற்றி இப்போதும் கண் விரியப் பேசுகிற மனிதர் அவர். வால் விசிறி சுழலும்போது கண்ணுக்கே தெரியாது, அதனால் பின்பக்கம் போகவே கூடாது. பைலட்டின் கண்ணில் படும்படி முன்பக்கமாகத்தான், குனிந்து போக வேண்டும். தலைக்குமேல் கையைத் தூக்கவே கூடாது. இதெல்லாம் இன்டர்லாக்கனில் சொல்லித்தருவதற்கு முன்பே அவர் மாடியில் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் அங்கே போய்க் கற்றேன்: கதவு இல்லாத ஹெலிகாப்டரில் பைலட் சூட் பையிலிருந்து கொஞ்சம் பிதுங்கியிருந்தாலும் ஆபத்து. காற்று அதை உருவி வால் விசிறியில் மாட்டிவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் முடிவு. நகர்வதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இனி அந்தக் குதிப்பு. விமானத்திலிருந்து குதிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள், வயிற்றைப் பிசைவதே இல்லை. குதிக்கும் நேரத்தில் விமானம் 80, 90 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 150 முதல் 165 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வாசலை விட்டதுமே அந்தக் காற்று உடம்பைத் தாங்கிக்கொள்கிறது. மார்பை அதற்குக் காட்டினால் போதும், நிலையாகிவிடலாம். ஏறக்குறைய அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டரில் அந்தக் காற்று கிடையாது. முதல் நொடி முடியும்போது வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர், இரண்டாம் நொடியில் 70. முப்பத்தைந்து என்பது பெங்களூரு ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் ஸ்கூட்டர் போகிற வேகம். அந்தக் காற்றில் கையை விரித்து உடம்பைத் திருப்ப முடியுமா? முழு வேகம் வர பத்து, பன்னிரண்டு நொடி ஆகிறது. அதுவரை, படியை விடும்போது உடம்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும்.

ஆம்பூர் பக்கத்தில் தாத்தா ஊர்க் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்திருக்கிறேன். கால் தரையை விட்டதும் வயிறு தொண்டைக்கு ஏறும், அடுத்த கணம் தண்ணீர் வந்து முடித்துவைக்கும். ஹெலிகாப்டரில் அந்த முதல் கணம் வரும், தண்ணீர் வராது. அதே உணர்வு நீண்டுகொண்டே போகும். அதைவிட என்னை உலுக்கியது சத்தம். மேலே இரைச்சல், விட்ட பிறகு அது சட்டென்று தேய்ந்து, இரண்டு நொடி கிட்டத்தட்ட அமைதி. அதன் பிறகுதான் காதோரம் காற்று மெல்ல ஊத ஆரம்பிக்கிறது.

நான் செய்த தவறு அந்த அமைதியில்தான் நடந்தது. பிடிப்பு இல்லையே என்று கை தானாகக் காற்றைத் துழாவியது. இல்லாத காற்றைத் துழாவியதில் தோள் திரும்பி, மெதுவாக மல்லாந்துவிட்டேன். ஹெலிகாப்டரின் வயிற்றுப்பக்கம் நேர் மேலே தெரிந்தது. இரண்டு சறுக்குக் கம்பியும் நீலத்தில் கோடு போட்டது போல, ஒவ்வொரு நொடிக்கும் சின்னதாகிக்கொண்டே போயிற்று. பயத்தில் உதறியிருந்தால் சுழன்றிருப்பேன். மாடியில் அப்பா கேட்டுக் கேட்டுப் பழக்கிய கை அப்போது சரியாக வேலை செய்தது: இடுப்பை முன்னே தள்ளு, முகவாயைத் தூக்கு, கையை அப்படியே வை, எண்ணு. ஐந்து எண்ணும்போது முதுகில் காற்று தட்டியது. ஏழில் அதுவே என்னைப் பிடித்துத் திருப்பிவிட்டது. ஆல்டிமீட்டரைப் பார்த்தேன், உயரம் தாராளமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் யுங்ஃபிராவ் பனிமலை கண்ணில் பட்டது.

நீங்கள் போவதாக இருந்தால் மாடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுப் பழகுங்கள். விளிம்பில் உட்கார்ந்து, எடையை மெல்ல நழுவவிட்டு இறங்கி, இடுப்பு முன்னே, கை அசையாமல், பத்து வரை வாய்விட்டு எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முறை. அந்தப் பத்து எண்ணுவது முட்டாள்தனமாகத் தோன்றும், விடாதீர்கள். மேலே அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே கருவி.

இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமானம் நகர்ந்துகொண்டே போவதால் ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடைவெளி தானாக விழும். நிற்கிற ஹெலிகாப்டரில் எல்லோரும் ஒரே தூணுக்குள் விழுகிறீர்கள். உங்களுக்கு முன்னால் போனவர் எந்த உயரத்தில் குடை திறப்பார், நீங்கள் எத்தனை நொடி விட வேண்டும், ஹெலிகாப்டர் இடம் மாறுமா என்பதைத் தரையிலேயே முடிவு செய்ய வேண்டும். மேலே போய்க் கேட்டால் இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது. ஏ லைசென்ஸ் தேர்வில் இடைவெளி பற்றிக் கேள்வி வரும், அதை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

இறங்கி, குடையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போதே அப்பாவுக்கு அடித்தேன். பெங்களூருவில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. நன்றாக இறங்கினாயா, பயந்தாயா என்றெல்லாம் அம்மா பின்னாலிருந்து கேட்பது காதில் விழுந்தது. அப்பா கேட்டது ஒன்றுதான்.

"சாஞ்சுதா?"

"எனக்கு முன்னால இருந்தவரு எறங்கும்போது என் பக்கம் லேசா சாஞ்சுதுப்பா. பைலட் உடனே நேராக்கிட்டாரு."

"நீ எறங்கும்போது?"

"மல்லாந்துட்டேன்பா. அதனால கீழேந்து பாத்தேன். கம்பி ரெண்டும் நேரா இருந்துது."

"சரி," என்றார். "அப்போ நீ ஒழுங்காதான் எறங்கியிருக்க."