கெம்போங் என்றால் கானாங்கெளுத்தி

பினாங்கிலிருந்து கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்திறங்கியபோது என் எடை 64 கிலோ. உயரம் 160 சென்டிமீட்டர். நான்கே மாதத்தில் 67 ஆனேன். குற்றம் என்னுடையது மட்டுமில்லை. முத்தியால்பேட்டையில் என் கணவருக்கு இத்தனை தெருக்களில் உறவுக்காரர்கள் இருப்பார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மலேசியாக்காரப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு விருந்து. இலையில் மிச்சம் வைத்தால் பிடிக்கவில்லையோ என்று முகம் வாடும். மிச்சம் வைக்காவிட்டால் இன்னொரு கரண்டி விழும்.

மூட்டு வலிக்காக டாக்டரிடம் போனேன். எடை பார்த்தார், கணக்குப் போட்டார், சீட்டில் 'உடல் பருமன்' என்று எழுதினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மலேசிய வழிகாட்டியில் பிஎம்ஐ, அதாவது எடைக் கிலோவை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், 23-ஐத் தொட்டால் அதிக எடை, 27.5-ஐத் தொட்டால்தான் உடல் பருமன். இந்தியாவில் 25-லேயே பருமன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 64 கிலோவில் எனக்குச் சரியாக 25. அதாவது, பினாங்கில் விமானம் ஏறும்போது வெறும் 'அதிக எடை'யாக இருந்தவள், சென்னையில் தரையிறங்கியபோது பருமன் ஆகிவிட்டேன். நடுவில் விமானத்தில் கொடுத்த ஒரு பன்னைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை.

அப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் ரோஷம் வந்துகொண்டிருந்த காலம். தாத்தாவின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர். நான்காவது தலைமுறையில் நான் திரும்பி வந்து, பதிவு அலுவலகத்தில் 'வெளிநாட்டவர்' வரிசையில் நின்றேன். தமிழிலும் அதே கதைதான். காலையில் எதிர்ப்பட்டவர்களிடம் "பசியாறிவிட்டீர்களா?" என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டால், பழைய நாடகத்தில் வசனம் பேசுகிறேன் என்று நாத்தனார் சிரிப்பாள். டீக்கடையில் இன்னும் மோசம். பினாங்கில் 'கோசோங்' என்று ஒரு சொல் போதும், சீனி போடாமல் கொடுத்துவிடுவார்கள். காரணம் கேட்க மாட்டார்கள். இங்கே "சர்க்கரை வேண்டாம்" என்றதும் டீ மாஸ்டர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்த வயதிலேயே சுகராம்மா?" என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் ஆவாரம்பூவைச் சிபாரிசு செய்தார்.

டாக்டர் கொடுத்த அச்சடித்த தாளில் காலையில் ஓட்ஸ், இரவில் சாலட். பதினோரு நாள் தாங்கினேன். பன்னிரண்டாம் நாள் இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, அம்மா கொடுத்துவிட்ட கண்டென்ஸ்டு மில்க் டின்னைத் திறந்து ஸ்பூனால் சாப்பிட்டேன். டின் காலியானபோதுதான் ஒன்று புரிந்தது. எனக்குப் பசி இல்லை, ஊர் ஞாபகம்.

மறுநாள் தாளை மடித்து வைத்துவிட்டு, மலேசியாவில் சுகாதார அமைச்சு ஊரெங்கும் சொல்லிவந்த பாடத்தை எடுத்தேன். சுக்கு சுக்கு செபாரோ. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, அரைப் பங்கு காய், பழம். 'சுக்கு' என்றால் மலாயில் கால், 'செபாரோ' என்றால் பாதி. அத்தையிடம் உற்சாகமாகச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுக்கு வீட்டிலேயே இருக்கிறது. செபாரோ எந்தக் கடையில் கிடைக்கும்?" என்றார்.

தட்டைப் பிரிப்பது எளிது. தட்டில் விழுவதுதான் வம்பு. எங்கள் ஊர்ச் சாப்பாட்டை இரண்டு பக்கமாகப் பிரிக்கலாம். ஒன்று தேங்காய்ப் பால் பக்கம்: நாசி லெமாக், கறி மீ, ரெண்டாங். இன்னொன்று புளிப் பக்கம். பினாங்கின் அசாம் லக்சா இந்தப் பக்கத்து ராணி. தேங்காய்ப் பால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மீனும் புளியும் கொதித்த சாறு, அரிசி நூடுல்ஸ், மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா. எங்கள் அப்பா ஆயர் ஈத்தாம் போகும்போதெல்லாம் இரண்டு கிண்ணம் சாப்பிடுவார், ஒல்லியாகவே இருந்தார். இத்தனை வருஷம் நான் தேங்காய்ப் பால் பக்கத்திலேயே குடியிருந்துவிட்டேன். இனி வீடு மாற்ற வேண்டியதுதான்.

லக்சாவுக்கு இக்கான் கெம்போங் வேண்டும். பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் அந்தப் பெயரைச் சொன்னால் எப்படி விளங்கும்? பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஓர் ஓரத்தில், பச்சையும் நீலமும் மினுங்கும் முதுகோடு, மூடாத கண்ணோடு என் கெம்போங் குவியலாகக் கிடந்தது. பெயர் கேட்டேன். "கானாங்கெளுத்தி. தெரியாதா?" என்றார். எனக்கு அந்த மீனைப் பிறந்ததிலிருந்து தெரியும், பெயர்தான் தெரியாது. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். புது மருமகள் விலை கேட்டு அழுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு மீன் கூடுதலாகப் போட்டார்.

மற்றவற்றைத் தேடியதைத் தனிக் கதையாக எழுதலாம். பேரரத்தை கேட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். சித்தரத்தைதான் இருந்தது, "சளி யாருக்கு, குழந்தைக்கா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிக் கொடுத்தார். பிளாச்சான் என்ற இறால் விழுதுக்குப் பதில், கடலூர் முதுநகரில் இருக்கும் பெரிய நாத்தனார் கொடுத்துவிட்ட சென்னாங்குனி, அதாவது காய்ந்த பொடி இறால். வெறும் சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் அம்மியில் தட்டினால், கண்ணை மூடிக்கொண்டு அது பினாங்கு என்று சொல்லிவிடலாம். அசாம் கெப்பிங் என்ற காய்ந்த புளித் துண்டுக்குக் கொடம்புளி. அரிசி நூடுல்ஸுக்குக் காலையில் சைக்கிளில் வரும் இடியாப்பம். புங்கா கந்தான் பூவுக்கு மட்டும் எந்த மாற்றும் கிடைக்கவில்லை. அந்த வாசனை இல்லாத லக்சா, மூக்குத்தி இல்லாத முகம் மாதிரி. பரவாயில்லை, அதுவும் முகம்தான்.

முதல் முறை சாறு கொதிக்கும்போது அத்தை அடுப்படிக்கு வந்து கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது மீன் குழம்பு. தாளிக்க மறந்துவிட்டாய்" என்றார். தாளிப்பதில்லை என்றேன். நம்பாமல் எண்ணெய்ச் சட்டியை எடுத்தார். இந்த இடத்தில்தான் நான் முதல் தடவையாக அந்த வீட்டில் எதிர்த்துப் பேசினேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி, 150 கிராம் சோறு ஏறக்குறைய 195, நாம் சோற்றைக் குறைத்துவிட்டு எண்ணெயை மூன்று கரண்டி ஊற்றுகிறோம் என்று வகுப்பெடுத்தேன். அத்தை சட்டியைக் கீழே வைத்தார். மறுநாளிலிருந்து லக்சாவுக்கு அந்த வீட்டில் பெயர் 'புளி இடியாப்பம்'. அவருக்கு மட்டும் ஒரு கிண்ணத்தை ஒதுக்கித் தனியாகத் தாளித்துக்கொள்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அடுத்த தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். பிறந்தது வியட்நாமின் சைகோனில். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே அரசு வேலை பார்த்தவர். அப்படிப் போய்த் திரும்பிய குடும்பங்கள் இந்த ஊரில் பல உண்டு. வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்து விழித்த முதல் ஆள் நான் இல்லை என்பது அவர் வீட்டில்தான் எனக்கு உறைத்தது. ஞாயிறு மதியம் சாயோ பொரிப்பார், அரிசித் தாளில் சுருட்டிய வியட்நாம் பலகாரம். நான் டயட்டில் இருக்கிறேன் என்றதும் அவர் வருத்தப்படவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. பாரிஸிலிருந்து பேரன் கொண்டுவந்த அரிசித் தாள் ஒன்றை எடுத்து, தட்டில் இருந்த தண்ணீரில் ஒரு நொடி முக்கினார். கண்ணாடிபோல் நின்றது துணிபோல் தொய்ந்தது. அதன்மேல் கீரை இலை, புதினா, வெந்த இறால் இரண்டாகப் பிளந்தது, கொஞ்சம் சேமியா. இரண்டு பக்கமும் மடித்து, குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, நுக்மாம் என்ற மீன் சாறில் தொட்டு என் வாயருகே நீட்டினார். "இதையும் அங்கே தினம் சாப்பிடுவோம். பொரிப்பது விசேஷத்துக்கு. இங்கே வந்த பிறகுதான் தினமும் விசேஷம் ஆகிவிட்டது" என்றார்.

சாயோ ஒன்றும் தின்றேன். மறைக்க மாட்டேன்.

நடையும் உண்டு. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். போய்த் திரும்பினால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஆனால், நடந்ததால் இளைத்தேன் என்று சொன்னால் பொய். நடந்து முடிந்ததும் கணவர் சுண்டல் வாங்குவார், மாங்காய் போட்டு.

எட்டு மாதத்தில் 67 என்பது 62.4 ஆனது. நேர்கோட்டில் இறங்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கானாங்கெளுத்தி விலை ஏறியதும் வீட்டில் உருளைக்கிழங்கு வறுவலும் கருவாடும் ஆட்சிக்கு வந்தன. அதே நாட்களில் பெரிய நாத்தனார் பண்ருட்டியிலிருந்து ஒரு முழுப் பலாவை இறக்கினார். அந்த இரண்டு மாதம் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். டாக்டர் கணக்கில் இப்போது 24.4. பருமன் பட்டியலில் இல்லை, அதிக எடைப் பட்டியலில் இருக்கிறேன். பினாங்கிலிருந்து கிளம்பிய அன்று எந்தப் பட்டியலில் இருந்தேனோ, அதே பட்டியல்.

தீபாவளிக்குத் தங்கை வருகிறாள். போனில் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டாள். லக்சாவில் கலக்கும் ஹேகோ இறால் விழுது ஒரு டப்பா, புங்கா கந்தான் காயவைத்தாவது, பிளாச்சான் ஒரு கட்டி, கண்டென்ஸ்டு மில்க் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"அந்தச் செபாரோவும் ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொல்லம்மா."