மாமனார் நாடு திரும்பினார், மருமகன் திரும்பல

ரெண்டு நாளா போஜிதார் பூரிச்னு ஒரு செர்பியர் பத்தியே தேடித் தேடி படிச்சிட்டு இருக்கேன். பாரீஸ்ல யூகோஸ்லாவியா தூதரா இருந்த மனுஷன், 1943 ஆகஸ்ட்ல அந்த நாட்டுக்கே பிரதமர் ஆயிட்டார், நாடுதான் கையில இல்ல. 1941 ஏப்ரல்ல ஜெர்மன்காரன் பெல்கிரேட் மேல குண்டு போட்டு பதினோரே நாள்ல கதைய முடிச்சுட்டான், 17 வயசு ராஜா ரெண்டாம் பீட்டரும் மந்திரிங்களும் ஏதென்ஸ், ஜெருசலேம்னு அலைஞ்சு லண்டன்ல போய் உக்காந்தாங்க. அங்க போயும் செர்பியர் குரோயேஷியர் சண்டை ஓயல, ரெண்டரை வருஷத்துக்குள்ள பூரிச் நாலாவது பிரதமர்!

ராஜா கிரேக்க இளவரசி அலெக்சாண்ட்ராவ கட்டிக்கணும்னு நின்னார். ஊர்ல ஜனம் செத்துட்டு இருக்கும்போது கல்யாணமான்னு செர்பிய அரசியல்வாதிங்க குதிச்சாங்க, பூரிச் ராஜா பக்கம் நின்னார். கட்சிக்காரங்கள ஒதுக்கிட்டு அதிகாரிகள வச்சே கேபினட் போட்டார், ஆபீஸ் கெய்ரோவுக்கு மாறுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா போர் மந்திரி மிஹைலோவிச் ஒரு கேபினட் மீட்டிங்குக்கும் வர வழியில்ல, ஆள் செர்பியா மலைக்காட்டுல ஒளிஞ்சு சண்டை போட்டுட்டு இருக்கார், பேசணும்னா ரேடியோதான், அந்த லைனும் பிரிட்டிஷ்காரன் கன்ட்ரோல்ல.

அந்த பிரிட்டிஷ்காரனே கட்சி மாறிட்டான். ஜெர்மன்காரன உண்மையா அடிக்கிறது கம்யூனிஸ்ட் தலைவர் டீட்டோவோட கெரில்லா படையான பார்ட்டிசான்கள்தான், மிஹைலோவிச் ஆளுங்க இத்தாலிக்காரனோட கைகோர்க்கிறாங்கன்னு ரிப்போர்ட் மேல ரிப்போர்ட். 1943 கடைசில சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் கூடின தெஹ்ரான் மாநாட்டுலயும் டீட்டோவுக்குதான் உதவின்னு முடிவு. மிஹைலோவிச்ச கழட்டி விடுன்னா பூரிச் அசையல. அதை விசுவாசம்னு சிலர் சொல்வாங்க, எனக்கென்னவோ காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியாத தூதர் என்ன தூதர்னுதான் தோணுது. 1944 மே 24 அன்னிக்கு பூரிச் ராஜினாமாவ ராஜா ஏத்துக்கிட்டார்னு பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல எந்திரிச்சு சொன்னது யாரு, சர்ச்சில்! ஜூன்ல குரோயேஷியரான ஷுபாஷிச் பிரதமர், டீட்டோ இருந்த வீஸ் தீவுக்குப் போய் அவரோட ஒப்பந்தம் போட்டார்.

பூரிச்சோட மாமனார் யாருன்னு பார்த்தா நிகோலா பாஷிச். முதல் உலகப் போர்ல நாட்ட இழந்து கோர்ஃபு தீவுல இருந்து செர்பிய அரசாங்கம் நடத்தினாரே, அவரேதான். அவர் 1918ல முன்னவிட பெரிய நாட்டோட திரும்பினார். மருமகனுக்கோ, டீட்டோ ஆட்சிக்கு வந்தப்புறம் 1946ல பெல்கிரேட் கோர்ட் 16 வருஷம் தண்டனை கொடுத்துச்சு, ஆள் இல்லாமலே. அதே கேஸ்ல மலைக்காட்டு மந்திரிய ஜூலை 17 அன்னிக்கு சுட்டுட்டாங்க. பூரிச் 1977ல சிகாகோல செத்தார்.