யாருக்கு அண்ணா தெரியும்?

"இதுக்கு அப்டேட் வந்தா யாருக்கு அண்ணா தெரியும்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ஜூனியர் கேட்டார். 2012 ஜூன் மாதம். நான் அப்போதுதான் மட் என்ற மெயில் கிளையன்டை (டெர்மினலில் மெயில் படிக்கும் மென்பொருள்) அதன் சோர்ஸ் கோடிலிருந்து நானே கம்பைல் செய்து முடித்திருந்தேன். திரையில் எல்டிடி கட்டளையின் வெளியீடு: ஒரு புரோகிராம் வெளியிலிருந்து எந்தெந்த லைப்ரரிகளை எடுத்துக்கொள்கிறது என்ற பட்டியல். அதைப் பார்த்துவிட்டு முதலில் "லிப்எஸ்எஸ்எல்லையே காணோமே?" என்றார். அந்த என்கிரிப்ஷன் லைப்ரரி பைனரிக்குள்ளேயே, அதாவது கம்பைல் செய்த மட் ஃபைலுக்குள்ளேயே, போய்விட்டது என்று சொன்னேன். ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நான் இருக்கேன்ல மா" என்றேன். அவரும் "சரி அண்ணா" என்று எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. இத்தனை வருஷம் கழித்தும் அது என்னை விடவில்லை.

சோர்ஸிலிருந்து போட்டதே தவறா என்றால், இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த சர்வரில் சென்ட் ஓஎஸ் 5 என்ற லினக்ஸ். அதோடு வந்தது மட் 1.4.2.2. மவுஸைத் தொடாமல் டெர்மினலிலேயே மெயில் பார்க்கிறவர்கள் எங்கள் இடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவரான பேராசிரியர் ஒருவரின் இன்பாக்ஸில் நாற்பதாயிரம் மெயில். சர்வரில் இருக்கும் மெயிலை ஐமேப் வழியாகத் திறக்கும்போதெல்லாம் அத்தனை மெயிலின் ஹெடரையும் (அனுப்பியவர், தலைப்பு, தேதி) அது முதலிலிருந்து இழுக்கும். திறந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். 1.5 பதிப்புகளில் ஹெடர் கேஷ் இருந்தது. ஒரு தடவை இழுத்ததை டிஸ்கில் வைத்துக்கொள்ளும். எஸ்எம்டிபி வழியாக மெயிலை நேரே அனுப்பும் வசதியும் 2007-லேயே 1.5.15-ல் வந்துவிட்டது. ரெடிமேட் பேக்கேஜ்கள் இருக்கும் எங்கள் ரெப்பாசிட்டரியில் 1.5 பதிப்பு எதுவும் இல்லை. அதனால் 1.5.21-ஐ இறக்கினேன்.

சந்தேகம் தொடங்குவது ஓபன்எஸ்எஸ்எல்லில், அதாவது இணைப்பை என்கிரிப்ட் செய்யும் லைப்ரரியில். லிப்எஸ்எஸ்எல் அதன் பகுதிதான். சிஸ்டத்திலேயே 0.9.8இ இருந்தது. கம்பைல் செய்யத் தேவையான அதன் டெவல் பேக்கேஜை யம் (பேக்கேஜ் போடும் கட்டளை) கொண்டு போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்த மார்ச்சில்தான் இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் முறையின் புதிய பதிப்பான 1.2-க்கு ஆதரவோடு ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 வெளிவந்திருந்தது. முந்தைய வருஷம் பீஸ்ட் தாக்குதல் வந்து, பழைய 0.9.8இ-க்குத் தெரிந்த டிஎல்எஸ் 1.0 மேல் எல்லோருக்கும் நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. புதியதைப் போடுவதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். 1.0.1சி-யைத் தனியாகக் கட்டி மட்டுக்கு அந்த இடத்தைக் காட்டினேன். எஸ்எஸ்எல் லைப்ரரி கிடைக்கவில்லை என்று, கம்பைலுக்கு முன் தேவையானதைச் சரிபார்க்கும் கான்ஃபிகர் நின்றுவிட்டது. லாகைத் திறந்து பார்த்தால் டிஎல்ஓபன் என்ற ஃபங்ஷன் கிடைக்காத பிரச்சினை. அது இருக்கும் லிப்டிஎல் லைப்ரரியையும் சேர்த்து இணைக்கச் சொல்லி மறுபடி ஓட்டினேன். அரை நாள் போயிற்று.

அன்றைய ஓபன்எஸ்எஸ்எல், ஷேர்டு (வெளியே தனி ஃபைலாக இருப்பது) என்று சொல்லிக் கட்டாவிட்டால், புரோகிராமுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் ஸ்டாடிக் லைப்ரரியை மட்டும்தான் கொடுக்கும். நான் சொல்லவில்லை. அதனால் மொத்தமும் மட்டுக்குள் ஒட்டிக்கொண்டது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. சிஸ்டத்தில் எது மாறினாலும் இது ஓடும் என்று. சிஸ்டத்தின் அப்டேட் இதைத் தொடாது என்பது அதன் மறுபக்கம். ஜூனியரின் கேள்வி வந்தது அந்த நேரத்தில்தான்.

2013-ல் வேலை மாறினேன். ஒப்படைக்கும் குறிப்பில் பேக்கப், யூசர் கணக்குகள், லைசென்ஸ் தேதிகள் எல்லாம் எழுதினேன். மட் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறைக்கவில்லை. ஒரு நாளும் தொல்லை கொடுக்காத மென்பொருள், ஞாபகத்துக்கே வரவில்லை.

2014 ஏப்ரல் 7-ல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. நான்கு எழுத்தை அனுப்பிவிட்டு 64 கேபி அனுப்பியதாகச் சொன்னால், எதிர்ப்பக்கம் சரிபார்க்காமல் தன் மெமரியிலிருந்து அவ்வளவையும் அள்ளிக் கொடுத்துவிடும். 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிப்பு. 0.9.8-ல் அந்த ஓட்டை இருந்த ஹார்ட்பீட் கோடே (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது) கிடையாது. புது இடத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லா சர்வருக்கும் பேட்ச் போட்டேன். நான்காம் நாள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது. பழசாக இருந்ததாலேயே தப்பித்திருக்க வேண்டிய ஒரு சர்வரில், ஓட்டையை நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

உடனே போன் செய்யவில்லை. மட் ஒரு கிளையன்ட், அது பேசுவது நம் சொந்த மெயில் சர்வரோடு மட்டும்தானே, எதிரில் இருக்கிற சர்வர் கெட்டதாக இருந்தால்தானே ஆபத்து என்று ஒரு நாள் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே மட்டில் வெளிக் கணக்கு வைத்திருந்தவர்களும் உண்டு. அதையும் அமைத்துக் கொடுத்தது நான்தான். மறுநாள் சாயங்காலம் பழைய இடத்தில் இருந்த ஜூனியரைக் கூப்பிட்டேன்.

அதற்குள் அவர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார்: இந்த சர்வரில் ஓபன்எஸ்எஸ்எல் 0.9.8இ, பாதிப்பு இல்லை. கீழே அவர் கையெழுத்து. ஆர்பிஎம் பட்டியலைப் (பேக்கேஜாகப் போட்டவற்றின் பட்டியல்) பார்த்து எழுதியது, பட்டியல்படி சரியானது.

விஷயத்தைச் சொன்னேன். போனில் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. மட் பைனரிக்குள் இருக்கும் எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டியிருக்கிறார். "ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1சி, 10 மே 2012" என்று படித்தார். அப்புறம், "கான்ஃபிகர் பண்ண வரி எங்கயாவது இருக்கா அண்ணா?"

இல்லை. எந்தெந்த வசதியோடு கட்டினேன் என்று காட்டும் அந்த வரி இருந்த சோர்ஸ் டைரக்டரியை, டிஸ்கில் இடம் வேண்டுமென்று அழித்திருந்தேன். கான்ஃபிக் லாகும் அதோடு போய்விட்டது.

"சரி அண்ணா. மட் மைனஸ் வி-ல வர்ற ப்ளஸ் மைனஸைப் பார்த்து நானே எடுத்துக்கறேன்."

எந்த வசதி சேர்ந்திருக்கிறது, எது இல்லை என்பதை அந்தக் கட்டளை ப்ளஸ், மைனஸாகக் காட்டும். அப்படித்தான் செய்தார். ஐமேப்புக்கு ப்ளஸ், எஸ்எம்டிபிக்கு ப்ளஸ், ஹெடர் கேஷுக்கு ப்ளஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சிஸ்டத்திலிருந்த 0.9.8இ-யோடு இணைத்து அன்றிரவே கட்டிவிட்டார். யாருக்கும் எந்த வசதியும் குறையவில்லை. அதாவது 2012-லேயே அப்படிச் செய்திருக்கலாம். கொடுத்த அறிக்கையைத் திருத்தி எழுத, மறுநாள் மேலதிகாரி முன்னால் போய் நின்றதும் அவர்தான்.

"நான் அன்னைக்கே கேட்டேனே" என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காகத்தான் போனில் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன், மனம் ஆறியிருக்கும். மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று விட்டுவிட்டாரா? நானாகவே எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

ஸ்பெக் ஃபைல் (பேக்கேஜ் கட்டுவதற்கான குறிப்பு) எழுதி மட்டை ஆர்பிஎம் பேக்கேஜ் ஆக்கியிருந்தால் பட்டியலில் வந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். வந்திருக்கும், ஆனால் மட் என்றுதான் வந்திருக்கும். உள்ளே ஒளிந்திருந்த ஓபன்எஸ்எஸ்எல்லை எந்தப் பட்டியலும் காட்டியிருக்காது. டிஎல்எஸ் 1.0-ஐ 2021 மார்ச்சில் முறைப்படி கைவிட்டபோது, பார்த்தாயா, நான் போன திசை சரிதான் என்றுகூடத் தோன்றியது. ஆனால் சென்ட் ஓஎஸ் 5-க்கே 2017 மார்ச்சோடு ஆதரவு முடிந்துவிட்டது. அந்த சர்வருக்குத் தேவையே வராத ஒன்றுக்காக அதைச் செய்திருக்கிறேன்.

யார் அப்டேட் செய்வார்கள் என்று அன்று ஜூனியர் கேட்கவில்லை. யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நான் வேறு கேள்விக்குப் பதில் சொன்னேன். நான் அங்கேயே இருந்திருந்தால் மட்டும்? கட்டிய எனக்கே ஞாபகம் வர நான்கு நாள் ஆனது. நானும் ஆர்பிஎம் பட்டியலைப் பார்த்துப் பாதிப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

ஆனாலும் புது மட்டைப் போட்ட அந்த நாளும் கூடவே ஞாபகம் வருகிறது. பேராசிரியர் இன்பாக்ஸைத் திறந்தார். முதல் தடவை வழக்கம்போல் இழுத்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தார். என்டர் கீயிலிருந்து விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. நம்பாமல் மூன்றாம் தடவையும் மூடித் திறந்து பார்த்தார். இன்று அப்படி ஒருவர் வந்து கேட்டால் இன்றும் கம்பைல் செய்து கொடுப்பேன்.

இப்போது நானாகக் கட்டிப் போடும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைக்கிறேன். பதிப்பு, கான்ஃபிகர் வரி, உள்ளே என்னென்ன லைப்ரரி ஒட்டியிருக்கிறது, கட்டிய தேதி. என்னைத் தவிர யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.